மருட்கை: பயம் போலவே இருக்கும் இன்னொன்று

17 வயதுப் பெண். பள்ளிச் சுற்றுலாவில் தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் போயிருக்கிறாள். விமானத்தின் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தவள், அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதிருக்கிறாள். கை நடுக்கம், உடம்பெல்லாம் புல்லரிப்பு. கூடப் போன ஆசிரியை வீட்டுக்குப் போன் போட்டுச் சொல்ல, திரும்பி வந்ததும் பாட்டி வேப்பிலை அடித்து மந்திரித்துவிட்டார். அப்பா மருத்துவரிடம் காட்டினார். எல்லாப் பரிசோதனையும் செய்து குறை ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் என்னிடம் வந்தார்கள். (அடையாளங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.)

"பயந்துட்டா மேடம்" என்றார் அம்மா.

அவர்களை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அவளிடம் கேட்டேன். "பயமாத்தான் இருந்துச்சு. ஆனா பயம் மட்டும் இல்ல. அதுக்குப் பேரு என்னன்னு தெரியல" என்றாள். மறுபடியும் அங்கே போகச் சொன்னால் போவாயா என்றேன். "நாளைக்கே போவேன்."

அந்தப் பதிலிலேயே எனக்குப் பாதி விளங்கிவிட்டது. மனநல ஆலோசகராக இத்தனை வருஷம் உட்கார்ந்து கேட்டதில் ஒன்று தெரியும்: பேர் தெரியாத உணர்ச்சியை மனிதர்கள் நோய் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அவளுக்குத் தேவைப்பட்ட பேர் தமிழில் இருக்கிறது. மருட்கை.

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளை, அதாவது உடம்பில் வெளிப்படும் உணர்ச்சிகளைச் சொல்கிறது. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. மருட்கையும் அச்சமும் அடுத்தடுத்து நிற்கின்றன, ஆனால் தனித்தனியாக. மருள் என்றால் மயங்குவது, கலங்குவது. இன்று நாம் சொல்லும் பிரமிப்பும் இப்படித்தான். சுழல்வது, தடுமாறுவது என்ற பொருளுடைய வடமொழி வேரிலிருந்து வந்த சொல் அது. ஆக, பெரிய ஒன்றின் முன்னால் தலை சுற்றுவதைச் சொல்லிலேயே வைத்திருக்கிறோம்.

ஆங்கிலத்திலும் கதை இதேதான். பிள்ளைகள் இன்று எதற்கெடுத்தாலும் 'ஆசம்' என்கிறார்களே, அதன் அடிச்சொல்லான 'ஆ' பழைய நார்ஸ் மொழியின் 'அகி' என்ற சொல்லோடு உறவுடையது. அதற்குப் பொருள் அச்சம், திகில். கடவுள் முன்னால் நிற்கும் நடுக்கத்தைச் சொல்லப் பயன்பட்டு, மெல்ல மெல்ல அதில் பக்தியும் வியப்பும் கலந்தன. அப்புறம் அந்த ஒரே அடியிலிருந்து பிறந்த 'ஆஃபுல்' படுமோசம் என்ற பொருளுக்கும், 'ஆசம்' பிரமாதம் என்ற பொருளுக்கும் போய்விட்டன. நல்ல காபிக்கும் ஆசம், புதுச் சட்டைக்கும் ஆசம். சொல்லிலிருந்து நடுக்கம் உதிர்ந்துவிட்டதால், உண்மையான நடுக்கம் வரும்போது பிள்ளைகளுக்கு அது வியப்பின் பகுதி என்றே தெரிவதில்லை. இது எனக்கு நிஜமாகவே கவலை தரும் விஷயம்.

நம்மிடமும் அணங்கு என்ற சொல் இருந்தது. அச்சுறுத்தும் தெய்வமும் அதுதான், வருத்தும் பேரழகும் அதுதான். "அணங்குகொல் ஆய்மயில் கொல்லோ" என்று தொடங்கும் குறளில், எதிரே நிற்பவள் யார் என்று பிடிபடாமல் "மாலும் என் நெஞ்சு", என் நெஞ்சு மயங்குகிறது என்கிறான் காதலன். பயமும் ஈர்ப்பும் ஒரே மூச்சில் வருகின்றன.

உடம்பும் இரண்டையும் பெரிதாகப் பிரித்துப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு ரோமத்தின் அடியிலும் ஒரு குட்டித் தசை இருக்கிறது. குளிரோ, பயமோ, மெய்மறக்க வைக்கும் ஒரு பாட்டோ, எது வந்தாலும் தானியங்கி நரம்புகள் அதைச் சுருக்கிவிடும். அதுதான் புல்லரிப்பு. அதனால் உடம்பை மட்டும் வைத்து இது எது என்று சொல்ல முடியாது.

நான் பார்ப்பது மனசு எந்தப் பக்கம் போகிறது என்பதை. பீதித் தாக்குதலில் நெஞ்சு படபடக்கும், மூச்சு முட்டும், செத்துவிடுவோமோ என்று தோன்றும். பெரும்பாலும் சில நிமிடங்களில் உச்சத்துக்குப் போய் இறங்கும். அதற்குப் பிறகு 'மறுபடி வந்துவிடுமோ' என்ற பயம் ஒட்டிக்கொள்ளும், அது வந்த இடத்தையே தவிர்க்கத் தொடங்குவார்கள். மருட்கையில் ஆள் விலகுவதில்லை, இன்னொரு தடவை பார்க்க ஏங்குகிறார். இதை வைத்து வீட்டிலேயே முடிவு கட்டிவிடாதீர்கள். நெஞ்சுவலி, மயக்கம், மூச்சுத்திணறல் என்றால் முதலில் மருத்துவரிடம்தான் போக வேண்டும். அந்த அப்பா செய்தது சரி.

மருட்கை எதனால் வருகிறது என்பதற்குத் தொல்காப்பியர் ஒரு நூற்பா வைத்திருக்கிறார்: "புதுமை பெருமை சிறுமை ஆக்கமொடு மதிமை சாலா மருட்கை நான்கே." மதிமை சாலா என்ற இரண்டு சொற்களில் நான் பல நாள் நின்றிருக்கிறேன். கையில் இருக்கும் அறிவு போதாமல் போகும் நிலை அது. 2003இல் டேக்கர் கெல்ட்னர், ஜொனாதன் ஹைட் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் இந்த உணர்ச்சியைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். அதில் அவர்கள் சொன்ன இரண்டு அடையாளங்களில் ஒன்று, எதிரே உள்ளது நம்மைவிடப் பரந்ததாக இருப்பது. மற்றது, அதை உள்ளே வைக்க நம் மனச்சட்டகம் போதாமல், அதை மாற்றியாக வேண்டியிருப்பது. அந்த இரண்டாவதைப் படித்ததும் எனக்கு மதிமை சாலா என்பதுதான் நினைவுக்கு வந்தது.

அந்த இருவரும் பெருமையில், அதாவது பெரியதில் நிறுத்தினார்கள். தொல்காப்பியர் சிறுமையையும், அதாவது மிகச் சிறியதையும் சேர்க்கிறார். யானையும் மலையும் பெருமைக்கு உதாரணம் என்றால், சிறுமைக்குப் பழைய உரை காட்டுவது கடுகுக்குள் இருக்கும் துளையை. என் தொழிலில் எனக்கு அதிகம் உதவியது இந்தச் சிறுமைதான். ஏனென்றால் என்னிடம் வருகிற எல்லோராலும் மலைக்கும் கடலுக்கும் போக முடியாது.

2020இல் வெளிவந்த சான் பிரான்சிஸ்கோ ஆய்வு ஒன்று இருக்கிறது. 60 வயதைத் தாண்டியவர்கள் எட்டு வாரம், வாரத்துக்கு ஒரு தடவை, 15 நிமிடம் நடந்தார்கள். ஒரு பாதியினரிடம், சின்னப் பிள்ளை பார்ப்பதுபோல வியப்பதற்கு ஏதாவது இருக்கிறதா என்று தேடியபடி நடக்கச் சொன்னார்கள். அவர்களிடம் மனவேதனை குறைந்தது, இரக்கமும் நன்றியும் கூடின. நடக்கும்போது எடுத்த செல்ஃபிகளில் வாரம் போகப் போக அவர்களுடைய உருவம் சிறுத்து, சுற்றியிருப்பவை இடம் பிடித்தன. சிரிப்பு விரிந்தது.

இதைச் சொல்லும்போது எச்சரிக்கை ஒன்றையும் சொல்ல வேண்டும். அறிவு போதாமல் நிற்கும் அந்த நேரத்தில் யார் வந்து விளக்கம் சொன்னாலும் நம்பிவிடத் தோன்றும். பிரமாண்ட மேடை, இருட்டு, ஒரே ஒரு விளக்கு, ஆயிரம் பேர் ஒரே குரலில். அந்த மயக்கத்தில் நகையைக் கழற்றிக் கொடுத்தவர்களும், சாப்பிட்டுவந்த மாத்திரையை நிறுத்தியவர்களும் என் முன்னால் உட்கார்ந்து அழுதிருக்கிறார்கள். "பொருளல்லவற்றைப் பொருளென்று உணரும் மருள்" என்று வள்ளுவர் சொல்வது இதற்கும் பொருந்தும். மெய்சிலிர்த்த அன்றைக்குக் கையெழுத்து வேண்டாம், பணம் வேண்டாம், மருந்தில் மாற்றம் வேண்டாம். ஒரு வாரம் போகட்டும்.

சரி, சிறுமைக்கு வருகிறேன். பக்கவாதத்தில் படுத்துவிட்ட கணவரை மூன்று வருஷமாகப் பார்த்துக்கொள்ளும் ஓர் அம்மா வந்தார். "எதைப் பார்த்தாலும் ஒண்ணுமே தோண மாட்டேங்குதும்மா, மனசு மரத்துப் போச்சு" என்றார். மனச்சோர்வுக்கான சிகிச்சை ஒரு பக்கம் நடந்தது; அதைத் தவிர்க்க முடியாது. கூடவே, வீட்டை விட்டு வெளியே போகாமல் பார்க்க முடிகிற ஏதாவது ஒன்றை தினமும் ஐந்து நிமிடம் பாருங்கள் என்றேன். மாடித் தொட்டியில் ஒரு கறிவேப்பிலைச் செடி இருக்கிறது, அதையும் புழு தின்கிறது, மருந்தடிக்கப் போகிறேன் என்றார். அடிக்க வேண்டாம், பாருங்கள் என்று கேட்டுக்கொண்டேன்.

முதல் வாரம் சலிப்போடுதான் சொன்னார்: காக்கை எச்சம் மாதிரி கிடக்கிறது. அடுத்த தடவை, அது பச்சையாகிவிட்டதும்மா, தொட்டால் சிவப்பாகக் கொம்பு நீட்டுகிறது என்றார். அப்புறம் அது ஒரு குச்சியில் நூல் கட்டிக்கொண்டு அசையாமல் தொங்கியபோது, செத்துவிட்டதோ என்று போனிலேயே கேட்டார். ஆக்கம் என்று தொல்காப்பியர் நான்காவதாகச் சொன்னதற்கு, ஒன்று இன்னொன்றாக மாறுவது என்று பொருள் சொல்வார்கள். அதைப் பற்றி நான் அவரிடம் எதுவும் பேசவில்லை. பொறுங்கள் என்று மட்டும் சொன்னேன்.

ஒரு காலை ஏழு மணிக்குள் போன் வந்தது. குரல் நடுங்கியது. "வந்துடுச்சும்மா. கறுப்பா, றெக்கையெல்லாம் ஈரமா, கசங்கின துணி மாதிரி. அது காயுறதுக்குள்ள அவருக்குக் காட்டணும்னு தொட்டியைக் கீழே தூக்கிட்டு வந்து கட்டில்கிட்ட வச்சிருக்கேன். அவரும் பார்த்துக்கிட்டே இருக்கார். நான் அப்புறம் பேசறேன்."