சொல்லாமல் விட்ட செய்தி

2020 செப்டம்பரில் அமெரிக்காவில் 304 பேருக்கு ஒரு வினோதமான வேலை கிடைத்தது. தொலைக்காட்சி பார்க்க வேண்டும். மணிக்கு 15 டாலர் கூலி, வாரத்துக்கு ஏழு மணி நேரம் வரை. அவர்கள் அனைவரும் ஃபாக்ஸ் நியூஸ் தொலைக்காட்சியை வழக்கமாகப் பார்ப்பவர்கள். கூலி கொடுத்துப் பார்க்கச் சொன்னதோ சிஎன்என் தொலைக்காட்சியை.

அமெரிக்க அரசியலை அறிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய கோரிக்கை என்பது புரியும். குடியரசுக் கட்சியின் பக்கம் சாய்ந்த ஃபாக்ஸ் பார்வையாளர்களில் பலருக்கு சிஎன்என் என்பது எதிர்முகாமின் ஊதுகுழல். அதிபர் தேர்தலுக்கு இரண்டு மாதம்கூட இல்லை. டிரம்ப், பைடன் இருவரின் ஆதரவாளர்களும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காத நேரம். டேவிட் புரூக்மன், ஜோஷுவா கல்லா என்ற இரண்டு அரசியல் அறிவியலாளர்கள்தான் இந்தச் சோதனையை நடத்தினார்கள். குலுக்கல் முறையில் சிலரை சிஎன்என் பக்கம் அனுப்பிவிட்டு, மற்றவர்களை வழக்கப்படி இருக்க விட்டார்கள். உண்மையிலேயே பார்த்தார்களா என்று அறிய, அந்த நேரத்தில் ஒளிபரப்பானதைப் பற்றிக் கேள்விகளும் கேட்டார்கள்.

இத்தனை உறுதியான கட்சிக்காரர்களிடம் ஒரு மாதத்தில் எதுவும் மாறாது என்றுதான் நான் நினைத்திருப்பேன். மாறியது. கோவிட் தொற்று நீங்கிய பிறகும் உடல்நலக் குறைவு நீண்ட காலம் தொடரக்கூடும் என்று நம்புவோர், ஃபாக்ஸோடு இருந்தவர்களைவிட சிஎன்என் பார்த்தவர்களிடையே 5 சதவீதப் புள்ளி அதிகம். தபால் வாக்கை ஆதரிப்போர் 7 புள்ளி அதிகம். கொரோனாவைவிட, போலீஸ் வன்முறையை எதிர்த்து அந்த ஆண்டு நடந்த போராட்டங்களில் புகுந்த கலவரக்காரர்களை அடக்குவதில்தான் அதிபர் கவனம் செலுத்த வேண்டும் என்று சொல்வோர் 11 புள்ளி குறைவு. பைடன் வென்றால் இன்னும் பல போலீஸார் சுடப்படுவார்கள் என்று அஞ்சியோர் 13 புள்ளி குறைவு.

இவர்களுக்கு யாரும் பாடம் எடுக்கவில்லை. யாரும் இவர்களோடு வாதிடவும் இல்லை. அந்த மாதத்தில் இரு தொலைக்காட்சிகளும் தங்கள் நேரத்தைச் செலவிட்ட விதமே வேறு. ஃபாக்ஸ் போராட்டங்களையும் வன்முறையையும் இனப் பிரச்சினையையும் திரும்பத் திரும்பக் காட்டியது. சிஎன்என் பெருந்தொற்றையும், அதைச் சமாளித்ததில் அரசு சறுக்கிய இடங்களையும் காட்டியது. ஒவ்வொன்றும் தன் பக்கத்துக்குச் சங்கடம் தருவதைச் சுருக்கியோ தவிர்த்தோ விட்டது. இரண்டு வீடுகளில் இரண்டு பெட்டிகள். வெளியே இரண்டு வெவ்வேறு நாடுகள் இருப்பது போன்ற தோற்றம். இந்த ஆய்வின் மையம் இதுதான் என்பேன். பொய்ச் செய்தியைப் பற்றி நாம் ஓயாமல் கவலைப்படுகிறோம். ஆனால், சொன்னதெல்லாம் மெய்யாகவே இருந்தாலும், எதைச் சொல்வது எதை விடுவது என்ற தேர்வு மட்டுமே மனிதரின் மதிப்பீடுகளை நகர்த்திவிடுகிறது.

தேர்வு இல்லாமல் செய்தி இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவின் பழைய மாலைச் செய்தி அரை மணி நேரம். விளம்பரம் போக மிஞ்சுவது சுமார் 22 நிமிடம். உலகத்தை அதற்குள் அடைக்க யாராலும் முடியாது. ஒருவர் கத்தரிக்கோலோடு உட்கார்ந்தே ஆக வேண்டும்.

அந்தக் கத்தரிக்கோலின் வலிமையை அளக்கும் முயற்சி 1968-லேயே தொடங்கிவிட்டது. வட கரோலினாவின் சேப்பல் ஹில் ஊரில், அந்த ஆண்டு அதிபர் தேர்தலில் யாருக்கு வாக்களிப்பது என்று இன்னும் முடிவு செய்யாத 100 பேரிடம், நாட்டின் முக்கியப் பிரச்சினைகள் எவை என்று மேக்ஸ்வெல் மெக்கோம்ப்ஸும் டொனால்ட் ஷாவும் கேட்டார்கள். அவர்கள் படித்த, பார்த்த செய்தி ஊடகங்கள் எந்தப் பிரச்சினைக்கு எவ்வளவு இடம் தந்தன என்பதைத் தனியாக எண்ணினார்கள். இரண்டு பட்டியல்களின் வரிசையும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. முழு ஒற்றுமையை 1 என்று கொண்டால், கிடைத்த எண் 0.96-க்கு மேல். இதற்கு ‘நிகழ்ச்சி நிரல் அமைத்தல்’ என்று பெயர் வைத்தார்கள்.

இங்கே ஒரு நியாயமான சந்தேகம் எழும். மக்கள் கவலைப்படுவதைத்தானே ஊடகமும் எழுதியிருக்கும்? எது முன், எது பின்? ஷாண்டோ ஐயங்காரும் டொனால்ட் கிண்டரும் மார்க் பீட்டர்ஸும் அதற்கு விடை தேடினார்கள். 1980 நவம்பரிலும் 1981 பிப்ரவரியிலும் நியூ ஹேவன் நகரவாசிகளை வரவழைத்து, ஒரு வாரம் நாள்தோறும் முந்தைய மாலையின் செய்தி என்று சொல்லி ஒளிநாடாக்களைக் காட்டினார்கள். அவற்றில் ரகசியமாக வெட்டி ஒட்டியிருந்தார்கள். ஒரு குழுவுக்கு ராணுவத் தயார்நிலை பற்றிய செய்திகள் கூடுதல், இன்னொரு குழுவுக்குச் சுற்றுச்சூழல் மாசு. வார இறுதியில் எதைக் கூடுதலாகப் பார்த்தார்களோ அது அவர்கள் மனத்தில் பெரிய பிரச்சினையாகிவிட்டது. பணவீக்கச் செய்தியைக் கூட்டியபோது மட்டும் மாற்றம் தெரியவில்லை. விலைவாசி ஏற்கெனவே எல்லோருடைய கவலையாக இருந்தது, அது ஏற இடமில்லை.

அதைவிடக் கூர்மையான விளைவு ஒன்றும் கிடைத்தது. அதிபர் கார்ட்டர் எப்படி ஆண்டார் என்று கேட்டபோது, ராணுவச் செய்தி பார்த்தவர்கள் ராணுவத்தை வைத்தே அவரை எடைபோட முற்பட்டார்கள். மாசுச் செய்தி பார்த்தவர்கள் மாசை வைத்து. ஒருவரை மதிப்பிடும்போது தெரிந்ததையெல்லாம் கூட்டிக் கழித்துப் பார்க்க எவருக்கும் நேரம் இருப்பதில்லை. சட்டென்று நினைவில் எது மேலே மிதக்கிறதோ அதுவே தராசின் படிக்கல் ஆகிறது. மேலே மிதக்க விடுவது, அண்மையில் திரும்பத் திரும்பக் காட்டப்பட்டது.

இதை நாம் ஏன் கண்டுபிடிப்பதில்லை? ஊடகத்தின் மீது சந்தேகம் இல்லாமலா இருக்கிறோம்? நிறைய இருக்கிறது. அது தவறான இடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. 1982-ல் லெபனான் தலைநகர் பெய்ரூட்டில், இஸ்ரேல் ராணுவத்தின் கட்டுப்பாட்டில் இருந்த சப்ரா, ஷாதிலா பகுதிகளில் பாலஸ்தீன அகதிகள் படுகொலை செய்யப்பட்டது பற்றிய அமெரிக்கத் தொலைக்காட்சிச் செய்திகளை ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர்களுக்குக் காட்டினார்கள். ஒரே ஒளிநாடா. இஸ்ரேல் ஆதரவாளர்கள், இஸ்ரேலைப் பற்றிய குறிப்புகளில் 57 சதவீதம் பாதகமானவை என்றார்கள். அரபு ஆதரவாளர்கள் கணக்கில் அது 26 சதவீதம்தான். நடுநிலையாளர் ஒருவர் இதைப் பார்த்தால் எங்களுக்கு எதிராகத் திரும்பிவிடுவார் என்று இரு தரப்பும் அஞ்சியது. 1985-ல் வெளியான இந்த ஆய்வு என்னை இன்றும் உறுத்துகிறது. பக்கச் சார்பைப் பிடிக்கும் நம் மூக்கு, நமக்கு எதிரானதை மட்டுமே மோப்பம் பிடிக்கிறது. நமக்குப் பிடித்த ஊடகம் எதை விட்டது என்பது வாசனையே இல்லாத வாயு. பொய்யை யாராவது சரிபார்த்து மறுக்கலாம். வராத செய்தியை மறுக்க முடியாது.

புரூக்மன், கல்லா ஆய்வில் அந்தத் திரை சற்று விலகியது. டிரம்ப் ஏதேனும் தவறு செய்தால் ஃபாக்ஸ் அதைப் பேசாது என்று ஒப்புக்கொண்டவர்கள், சிஎன்என் பார்த்தவர்களிடையே அதிகம். பல ஆண்டு பார்த்த பெட்டியில் இல்லாதது எது என்பது, வேறு பெட்டியைப் பார்த்த பிறகே தெரிந்தது. கூலி நின்றதும் பெரும்பாலோர் பழைய இடத்துக்கே திரும்பினார்கள், மாற்றங்களும் கரைந்தன.

இப்படித் தனித்தனிப் பெட்டிகள் உருவானதற்குக் காரணம் சட்டத்திலும் வணிகத்திலும் இருக்கிறது. சர்ச்சைக்குரிய பொது விஷயங்களை ஒளிபரப்ப வேண்டும், எதிர்க்கருத்துக்கும் இடம் தர வேண்டும் என்று 1949 முதல் அமெரிக்க ஒளிபரப்பு உரிமதாரர்களுக்கு விதி இருந்தது. 1987-ல் அது கைவிடப்பட்டது. அந்த விதி இருந்திருந்தால் இந்த நிலை வந்திராது என்று சிலர் சொல்வதை நான் ஏற்கவில்லை. கேபிள் செய்தித் தொலைக்காட்சிகளை அது கட்டுப்படுத்தியதே இல்லை. கேபிளின் பொருளாதாரம்தான் பெரிய காரணம். மூன்று பெரிய நிறுவனங்கள் முழு நாட்டையும் பங்கு போட்டுக்கொண்ட காலத்தில், யாரையும் கோபப்படுத்தாமல் இருப்பது லாபம். 1980-ல் சிஎன்என், 1996-ல் எம்எஸ்என்பிசியும் ஃபாக்ஸும் வந்தன. பார்வையாளர் கூட்டம் சிதறிய பிறகு, நாள் முழுதும் எழுந்து போகாத சிறு கூட்டமே லாபம். அந்தக் கூட்டம் நாற்காலியை விட்டு எழாமல் இருக்க, அவர்கள் கேட்க விரும்பாததைச் சொல்லாமல் இருப்பது எளிய வழி.

உள்ளூர்ப் பத்திரிகைகள் மூடப்படுவதும் இதோடு சேர்ந்துகொண்டது. ஜோஷுவா டார், மேத்யூ ஹிட், ஜோஹன்னா டனவே ஆகிய மூவர், பத்திரிகையை இழந்த மாவட்டங்களை இழக்காத மாவட்டங்களோடு ஒப்பிட்டார்கள். அதிபருக்கு ஒரு கட்சி, செனட்டருக்கு வேறு கட்சி என்று பிரித்து வாக்களிக்கும் வழக்கம் இழந்த இடங்களில் 1.9 சதவீதம் குறைந்திருந்தது. உள்ளூர்ச் செய்தி போனால் மிஞ்சுவது வாஷிங்டன் சண்டை மட்டுமே.

இதே மூவர் பிறகு ஆராய்ந்தது கலிஃபோர்னியாவின் பாம் ஸ்பிரிங்ஸ் நகரத்தை. அங்கே வெளிவரும் டெசர்ட் சன் நாளிதழின் ஆசிரியர் ஜூலி மாக்கினென், 2019 ஜூலை மாதம் முழுக்கத் தன் கருத்துப் பக்கத்தில் தேசிய அரசியல் வராது என்று அறிவித்தார். கட்டுரையும் கிடையாது, வாசகர் கடிதமும் கிடையாது. வாசகர்கள் ஊர்ப் போக்குவரத்தையும் பழைய கட்டடங்களைப் பாதுகாப்பதையும் சுற்றுச்சூழலையும் பற்றி எழுதினார்கள். அவற்றிலும் சண்டை உண்டு; ஆனால், அந்தச் சண்டையில் யார் எந்தப் பக்கம் நிற்பார் என்பதைக் கட்சி அட்டை தீர்மானிக்கவில்லை. அம்மாதத்துக்கு முன்னும் பின்னும் அங்கும், ஒப்பிட்டுப் பார்க்க, பத்திரிகையில் அப்படி மாற்றம் எதுவும் இல்லாத, அதே மாநிலத்தின் வென்ச்சுரா நகரிலும் ஆய்வாளர்கள் மக்களிடம் கருத்துக் கேட்டார்கள். எதிர்க்கட்சிக்காரர்கள் மீதான வெறுப்பு வளர்ந்த வேகம், வென்ச்சுராவைவிடப் பாம் ஸ்பிரிங்ஸில் குறைவு. பத்திரிகை படிப்பவர்களிடமும் அரசியல் நன்கு அறிந்தவர்களிடமும் அந்த வேறுபாடு கூடுதலாகத் தெரிந்தது. டிரம்ப் பெயரே இல்லாத அந்தக் கருத்துப் பக்கத்தை இணையத்தில் படித்தவர்களின் எண்ணிக்கை, அந்த ஜூலையில் ஏறத்தாழ இரு மடங்கானது.