ராக்கெட்டியரிங்: மோசடி அல்ல, குற்றத்தொழில்

அமெரிக்க வழக்குச் செய்திகளில் 'ராக்கெட்டியரிங்' (racketeering) வந்தால் தமிழில் கண்ணை மூடிக்கொண்டு 'மோசடி' என்று போட்டுவிடுகிறார்கள். அந்தக் குற்றத்தைத் தண்டிக்க 1970இல் அமெரிக்காவில் வந்த ரிக்கோ (RICO) சட்டமும் 'மோசடித் தடுப்புச் சட்டம்' ஆகிவிட்டது.

மூலச் சொல்லான 'racket'க்கு முதலில் இரைச்சல் என்று பொருள். பிறகு கொச்சையில் தில்லுமுல்லு. 1920களின் சிகாகோவில், கடைக்காரர்களிடம் 'பாதுகாப்பு'க் காசு பிடுங்கிய கும்பல்களால் பரவியது. விண்ணில் பாயும் ராக்கெட்டோடு (rocket) உறவில்லை. தமிழ் எழுத்தில்தான் ஒன்றுபோலத் தெரிகிறது.

'மோசடி' ஏன் ஆகாது? அஞ்சல்வழி மோசடியும் தொலைத்தொடர்புவழி மோசடியும் ரிக்கோவின் குற்றப் பட்டியலில் தனித்தனியே இருக்கின்றன. லஞ்சமும் கொலையும்கூட இருக்கின்றன. பத்தாண்டுக்குள் இவற்றில் குறைந்தது 2 குற்றங்கள் வேண்டும். அவை ஒன்றோடொன்று தொடர்புள்ளவை, தொடர்ந்து நடப்பவை அல்லது நடக்கக்கூடியவை என்றும் காட்ட வேண்டும் (1989 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு). அந்தக் குற்றங்களின் வழியே ஓர் அமைப்பை நடத்துவதுதான் ராக்கெட்டியரிங். செங்கலையும் சுவரையும் ஒரே பெயரால் அழைக்கலாமா?

அமெரிக்கக் கடன்பத்திர வணிகர் மைக்கேல் மில்கன் வழக்கைப் பாருங்கள். 1989 மார்ச்சில் 98 குற்றச்சாட்டுகள், ராக்கெட்டியரிங் உட்பட. 1990இல் 6 குற்றங்களை ஒப்புக்கொண்டார், ராக்கெட்டியரிங் கைவிடப்பட்டது. இதை 'மோசடிக் குற்றச்சாட்டு கைவிடப்பட்டது' என்று பெயர்த்தால், படிப்பவர் அவர் தப்பிவிட்டார் என்றே நினைப்பார். ஒப்புக்கொண்டவற்றிலேயே பங்குப்பத்திர மோசடியும் அஞ்சல்வழி மோசடியும் இருந்தன! கைவிடப்பட்டதோ 20 ஆண்டுச் சிறையும் சொத்துப் பறிமுதலும் தரக்கூடிய குற்றச்சாட்டு. அந்தப் பறிமுதலின் கனம் தெரிய பிரின்ஸ்டன்-நியூபோர்ட் முதலீட்டு நிறுவனம் போதும்: 1988 ஆகஸ்டில் அதன் நிர்வாகிகள் மீது ரிக்கோ பாய்ந்தது, விசாரணைக்கு முன்பே கடை மூடப்பட்டது. ராக்கெட்டியரிங் தண்டனைகளை 1991இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்து செய்தபோது நிறுவனம் இல்லை.

ரிக்கோவைக் 'குண்டர் சட்டம்' என்பவர்கள் இன்னும் மோசம். தமிழ்நாட்டின் 1982ஆம் ஆண்டுச் சட்டம் விசாரணையின்றி ஓராண்டுவரை அடைத்துவைக்கும் தடுப்புக்காவல். ரிக்கோவில் குற்றப்பத்திரிகை, விசாரணை, தீர்ப்பு எல்லாம் உண்டு. பாதிக்கப்பட்டவர் உரிமையியல் வழக்கில் மும்மடங்கு இழப்பீடும் கேட்கலாம். பங்குப்பத்திர மோசடியை வைத்து அப்படிக் கேட்பதற்கு மட்டும் 1995இல் பெருமளவு கதவடைத்தார்கள். 'திட்டமிட்ட குற்றம்' என்பதும் தேறாது: பொறாமையில் திட்டம் போட்டு ஒருமுறை கொன்றவனும் அதில் அடங்குவான்.

'குற்றத்தொழில்' என்பதே என் தேர்வு. சாராயத் தொழில், கந்துவட்டித் தொழில் என்றால் ஒருநாள் செயல் என்று யாரும் எண்ணுவதில்லை. 'குற்றத்தொழில் நடத்தினார்' என்று வினையும் இயல்பாக ஒட்டுகிறது. முறைப்படி பதிவான பங்குத் தரகு நிறுவனத்துக்கும் பொருந்தும்.