புழுக்கத்தில் முடி ஏன் பம்மென்று எழும்புகிறது?

கோவையில் அயர்ன் பண்ணி, கோடு போட்ட மாதிரி நேராகத் தொங்கவிட்ட முடி. சென்னை சென்ட்ரலில் இறங்கி ஆட்டோ பிடிப்பதற்குள் பரட்டையாகிவிட்டது. "தலைய வாரிட்டு வரக் கூடாதா?" என்றாள் சித்தி. வாரித்தான் வந்தேன். கலைத்தது காற்றில் இருந்த ஈரம்.

முடி என்பது கெரட்டின் என்ற புரதம். அதன் நீளமான சங்கிலிகள் ஒன்றையொன்று பல விதமாகப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அவற்றில் இரண்டு நமக்குப் போதும். கந்தகத்தால் ஆன டைசல்பைடு பிணைப்பு கெட்டியானது, தண்ணீருக்கு அசையாது. பார்லரில் நிரந்தரச் சுருட்டை வைக்கும்போது ரசாயனம் போட்டு உடைப்பது அதைத்தான். ஹைட்ரஜன் பிணைப்போ நோஞ்சான், ஆனால் எண்ணிக்கையில் ஏராளம். ஈரம் பட்டால் விட்டுவிடும். காய்ந்ததும் அந்த நேரத்தில் முடி எப்படி வளைந்திருக்கிறதோ அப்படியே மறுபடி பிடித்துக்கொள்ளும். ஈரத் தலையைப் பின்னிக்கொண்டு படுத்தால் காலையில் அலை அலையாக வருவது இதனால்தான். அயர்ன் செய்வதும் இதே வித்தைதான், சூட்டின் துணையோடு.

சரி, புழுக்கத்தில் என்ன ஆகிறது? காற்றிலுள்ள நீராவி இழைக்குள் புகுந்து, அயர்ன் போட்டு வைத்த பிணைப்புகளை அவிழ்த்துவிடுகிறது. இழை தன் பிறவி வளைவுக்குத் திரும்புகிறது. எல்லாம் ஒரே மாதிரி திரும்பினாலாவது பரவாயில்லை. நெற்றியோரத்துக் குட்டி முடி ஒரு பக்கம், பிடரி முடி ஒரு பக்கம். ஒரே தலையில் இழைக்கு இழை வளைவு வேறு. பக்கத்தில் பக்கத்தில் படிந்து கிடந்தவை இப்போது ஆளுக்கொரு திசையில் நிற்கின்றன. அப்புறம் ஏசி அறைக்குள் போய் உட்கார்ந்தாலும் முடி பழையபடி படியாது, பரட்டையாக நின்ற கோலத்திலேயே பிணைப்புகள் மறுபடி பிடித்துவிடும்.

இழையின் வெளிப்புறம் நாட்டு ஓடு வேய்ந்த கூரை போல, செதில் மேல் செதிலாக இருக்கும். அதன் மேல் மெல்லிய கொழுப்புப் பூச்சு. ப்ளீச் செய்து சாயம் போட்டால் அந்தப் பூச்சு போய்விடும், ஈரம் தாராளமாக உள்ளே இறங்கும். சாயம் போட்ட தலை மழைக்காலத்தில் அதிகம் படுத்துவது இதனால்.

ஈரத்தில் இழை நன்றாகவே பருக்கும். நீளம் மட்டும் கொஞ்சமாகத்தான் கூடும். வறண்ட காற்றிலிருந்து முழு ஈரக் காற்றுக்கு வந்தால் சுமார் 2 சதவீதம். இந்தச் சின்ன நீட்சியை வைத்தே ஜெனீவாவைச் சேர்ந்த விஞ்ஞானி சொஸ்யூர் 1783-ல், காற்றின் ஈரத்தை அளக்கும் ஈரப்பதமானி பற்றி எழுதினார். இழுத்துக் கட்டிய தலைமுடி நீண்டு சுருங்க, முள் நகரும். முடி சுருக்காகப் பதில் சொல்ல வேண்டும் என்பதற்காக, அதைச் சோடா உப்புக் கரைசலில் கொதிக்கவைத்து எண்ணெய்ப் பசையை முதலில் எடுத்துவிட்டார் மனிதர்.

என் பாட்டி செய்தது நேர் எதிர். தேங்காய் எண்ணெய் சில எண்ணெய்களைப் போல மேலோடு நிற்காமல் இழைக்குள்ளும் இறங்கும். ஈரம் நுழைவதை மட்டுப்படுத்தும். நிறுத்திவிடாது, தாமதப்படுத்தும். சென்ட்ரலிலிருந்து சித்தி வீட்டு வாசல் வரை தாங்கியிருந்தால் எனக்கு அது போதும்.