சளி போன பிறகு வரும் இளைப்பு

ஆஸ்துமா உள்ள பெரியவர்கள் ஜலதோஷம் தொடங்கிய அன்றைக்கு என்னிடம் வருவதில்லை, நான்கைந்து நாள் கழித்து, ராத்திரி படுக்க முடியாமல் உட்கார்ந்தே விடிந்த பிறகுதான் வருகிறார்கள். "சாதாரண சளிதானே டாக்டர்" என்பார்கள். மூக்கொழுகல் நின்றிருக்கும், ஆனால் அதற்குள் நெஞ்சு இறுகியிருக்கும்.

ஜலதோஷத்துக்குப் பெரும்பாலும் காரணம் ரைனோவைரஸ். மற்றவர்களுக்கு அது பெரும்பாலும் மூக்கு தொண்டையோடு முடிந்துவிடும். ஆஸ்துமா இருந்தால் மூச்சுக்குழாயின் உட்சுவர் ஏற்கெனவே வீங்கியிருக்கிறது, வைரஸைத் தடுக்கும் இன்டர்ஃபெரானும் பலருக்குக் குறைவாகவோ தாமதமாகவோதான் சுரக்கிறது. அதனால் வீக்கம் கூடி, சளி கெட்டியாகி, தசையும் இறுகிக் காற்று போகும் வழியே குறுகிவிடுகிறது. வைரஸ் போன பிறகும் சில வாரங்களுக்குக் கொஞ்சம் புகை, குளிர்காற்று பட்டாலே இருமல் வரும். ஃப்ளூ இதைவிடக் கடுமையாக்கும், அதனால் வருடா வருடம் அதற்கான தடுப்பூசியைப் போட்டுக்கொள்ளுங்கள்.

எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருவது, சளி பிடித்ததும் தினசரி ஸ்டீராய்டு இன்ஹேலரை நிறுத்திவிடுவது. 'ஸ்டீராய்டு எதிர்ப்பு சக்தியைக் குறைத்துவிடும்' என்று யாரோ பயமுறுத்தியிருப்பார்கள். மாத்திரையில் மில்லிகிராம் கணக்கில் தரும் மருந்தை இன்ஹேலரில் மைக்ரோகிராம் கணக்கில்தான் தருகிறோம், அதுவும் நேராக நுரையீரலுக்கு. வீக்கத்தை அடக்குவது அதுதான். சால்பியூட்டமால் மாதிரி ஸ்டீராய்டு சேராத உடனடி நிவாரண இன்ஹேலர் மட்டும் அடித்தால் தசை தளரும், வீக்கம் அப்படியே இருக்கும். சளிக் காலத்தில் எதை எவ்வளவு கூட்டுவது என்று நன்றாக இருக்கும்போதே மருத்துவரிடம் எழுதி வாங்கி வையுங்கள்.

ஆன்டிபயாடிக் வைரஸை ஒன்றும் செய்யாது. அப்புறம் உடம்புவலிக்கு இப்யூபுரூஃபன், ஆஸ்பிரின் போட்டதும் இளைப்பு வந்த அனுபவம் இருந்தால் அந்த வகை மாத்திரைகளே வேண்டாம், பாராசிட்டமால் பரவாயில்லையா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

நிவாரண இன்ஹேலரின் பலன் நான்கு மணி நேரம்கூடத் தாங்கவில்லை, ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியவில்லை, உதடு நீலம் பாய்கிறது என்றால் காலைவரை காத்திருக்காதீர்கள். மூச்சுத் திணறல் அப்படியே இருக்க, வீசிங் சத்தம் மட்டும் நின்றுவிட்டதா? அது குணம் இல்லை, காற்றே சரியாகப் போகவில்லை என்று அர்த்தம். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டு, நிமிர்ந்து உட்கார்ந்து, அது வரும்வரை ஸ்பேசர் (இன்ஹேலரோடு மாட்டிக்கொள்ளும் குழாய்) வைத்து நிவாரண இன்ஹேலரை எடுத்துக்கொண்டே இருங்கள்.