கையளவுத் துண்டும் முழு நீளக் குழாயும்

1967 டிசம்பர் 15 அன்று மாலை, அமெரிக்காவில் ஓஹையோ ஆற்றின் குறுக்கே நின்ற ‘சில்வர் பிரிட்ஜ்’ தொங்குபாலம் இடிந்து விழுந்து 46 பேர் உயிரிழந்தனர். பாலத்தைத் தாங்கிய எஃகுப் பட்டைகளுள் ஒன்றின் துளையோரத்தில் இருந்த, ஏறத்தாழ இரண்டரை மில்லிமீட்டர் ஆழமே கொண்ட விரிசலிலிருந்து முறிவு தொடங்கியிருந்தது. எஃகு வலிமையானதுதான், ஆனால் வலிமை வேறு, விரிசல் விழுந்த பின்னும் தாக்குப்பிடிக்கும் முறிவு எதிர்ப்புத் திறன் வேறு.

விரிசலின் நுனியில் தகைவு, அதாவது ஓர் அலகுப் பரப்பின்மீது செயல்படும் விசை, குவிகிறது. 1921-இல் ஆங்கிலேயப் பொறியாளர் கிரிஃபித் கண்ணாடியில் கண்டதையும், 1950களில் அமெரிக்க அறிவியலாளர் ஜார்ஜ் இர்வின் அதை உலோகங்களுக்கு விரித்ததையும் சுருக்கிச் சொன்னால், விரிசல் 4 மடங்கு நீண்டால் முறிவுக்குப் பாதித் தகைவே போதும்.

இத்திறனை அளக்க, உள்ளங்கையில் அடங்கும் எஃகுத் துண்டில் ஒரு வெட்டு போடுகிறார்கள். எவ்வளவு மெல்லிய வாளால் அறுத்தாலும் வெட்டின் நுனி மொட்டையாகவே இருக்கும் என்பதால், பளுவை ஆயிரக்கணக்கான முறை ஏற்றி இறக்கி, உண்மையான கூர்விரிசல் ஒன்றை அந்நுனியிலிருந்து வளர்த்தெடுக்க வேண்டும். பொறுமையைச் சோதிக்கும் வேலை இது. பளு சற்றுக் கூடிவிட்டால் துண்டே வீணாகிவிடும். அதன்பின் வெட்டின் இருபுறமும் துண்டில் உள்ள துளைகளில் உருளை ஊசிகளைச் செருகி மெல்ல இழுக்கும்போது, வெட்டின் வாயில் பொருத்திய அளவி அது விரிவதைப் பதிவு செய்கிறது. உள்ளே விரிசல் எவ்வளவு நீண்டது என்பது கண்ணுக்குத் தெரியாது; ஆகவே அவ்வப்போது பளுவைச் சிறிது தளர்த்தி, துண்டின் விறைப்பு எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதைக் கொண்டு நீளத்தைக் கணக்கிடுகிறார்கள்.

துண்டில் அளந்ததை உண்மையான குழாய்க்குப் பொருத்தும்போதுதான் முனைவர் பட்ட ஆய்வுக்கு உரிய சிக்கல் வருகிறது. தடித்த துண்டில் விரிசல் நுனியைச் சுற்றியுள்ள உலோகம் பக்கவாட்டில் சுருங்க முடியாமல் இறுகி நிற்பதால், அது நெகிழ்ந்து ஆற்றலை உறிஞ்ச இடமில்லை; மெல்லிய சுவருள்ள குழாயிலோ அந்த இறுக்கம் குறைவு. ஆகையால் ஒரே எஃகு, துண்டில் காட்டும் எதிர்ப்பைவிடக் குழாயில் கூடுதலாகக் காட்டக்கூடும். துண்டில் அளந்த மதிப்பை அப்படியே எடுத்துக்கொண்டால் கணக்கு பாதுகாப்பான பக்கம் சாயும் என்றாலும், எவ்வளவு சாய்கிறது என்று தெரியாமல் வடிவமைப்பவர் குழாயை வீணாகத் தடிப்பாக்க நேரும்.

இந்த இடைவெளியை அளக்க முழு அளவுக் குழாயையே முறித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. சென்னை தரமணியிலுள்ள கட்டமைப்புப் பொறியியல் ஆராய்ச்சி மையத்தில், பாபா அணு ஆராய்ச்சி மையத்துக்காக, கனநீர் அணு உலைகளில் பயன்படும் கார்பன் எஃகுக் குழாய்களில் சுற்றுவாக்கில் வெட்டுப் போட்டு, நான்கு இடங்களில் தாங்கியும் அழுத்தியும் வளைத்துச் சோதித்தனர். சுவரைத் துளைத்த விரிசல் கசிவைக் காட்டிக்கொடுக்கும் நீளத்துக்கும், குழாய் முறிந்தே போகும் நீளத்துக்கும் நடுவே, உலையை நிறுத்தப் போதிய இடைவெளி உண்டா என்ற கேள்விக்கு இத்தகைய சோதனைகளே விடை தருகின்றன.