விண்கல் குவியும் நிலங்கள்: வானத்துக்கு அதில் பங்கு கொஞ்சம்தான்

ஒரே பாலைவனத்தில் நூற்றுக்கணக்கில் விண்கற்கள் கிடைத்தால், அந்த மண்ணுக்கு ஏதோ ஈர்ப்பு இருப்பதாகப் பேச்சு கிளம்பிவிடும். அப்படி ஒன்றும் கிடையாது. காட்டிலும் வயலிலும் கடலிலும்கூட விண்கற்கள் விழுந்துகொண்டுதான் இருக்கின்றன. விழுந்த கல் சிதையாமல் கிடக்கிறதா, கண்ணில் படுகிறதா, தேட ஆள் போனதா என்பதுதான் கணக்கு.

முதல் எதிரி ஈரம். பெரும்பாலான விண்கற்கள் சாதாரண கோண்ட்ரைட் எனும் கல் வகை. கல்லுக்குள் இரும்பு-நிக்கல் துகள்கள் சிதறியிருக்கும். நீர் பட்டால் இரும்பு துருவேறிப் பருக்கும், கல் உள்ளிருந்தே பிளக்கும். சிலியின் அடகாமா பாலைவனத்தில் மழையே அபூர்வம் என்பதால், 20 லட்சம் ஆண்டுகளுக்கு முன் விழுந்த கற்கள்கூட எடுக்கும் நிலையில் கிடைத்திருக்கின்றன. ஆஸ்திரேலியாவின் நல்லார்பர் சமவெளியிலும் ஓமானின் சுண்ணாம்புப் பீடபூமியிலும் இன்னொரு வசதி: வெளிறிய தரையில் கரிய கல் தூரத்திலேயே தெரியும்.

அண்டார்டிகா கதையே வேறு. 1969-இல் ஜப்பானியக் குழு யமட்டோ மலையருகே 9 கற்களை எடுத்தது. அவை வெவ்வேறு வகை. ஒரே கல் உடைந்து சிதறியதாக இருக்க முடியாது. அவற்றை ஒரே இடத்தில் சேர்த்தது பனிதான். பனியில் புதைந்த கற்களைப் பனிப்பாளம் மெல்லக் கடற்கரைப் பக்கம் சுமந்து வரும். வழியில் மலை மறித்தால் பனி தேங்கி மேலெழும். வறண்ட காற்று அதை ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் அரிக்கும். உருகாமலே ஆவியாகிப் போகும். பனி போய்விடும், கல் தங்கிவிடும். இப்படிப் பழைய அடர்பனி வெளிப்பட்டு நீலமாகத் தெரியும் நீலப்பனித் திட்டுகள்தான் விளைநிலம். உலகில் இதுவரை சேர்ந்த விண்கற்களில் பாதிக்கு மேல் இந்தக் கண்டத்தில் எடுத்தவை.

எண்ணிக்கையைப் பார்த்து ஏமாறவும் கூடாது. அரிசோனாவின் கோல்ட் பேசினில் ஆயிரக்கணக்கான துண்டுகள் கிடைத்தன. பெரும்பாலும் சுமார் 15,000 ஆண்டுகளுக்கு முன் விழுந்த ஒரே கல்லின் சிதறல்.

களத்தில் அடிக்கடி நடக்கும் தவறு, விண்கல்லா என்று அறிய வலுவான காந்தத்தை ஒட்டிப் பார்ப்பது. கல்லில் பதிந்திருக்கும் பழைய காந்தத் தடம் நொடியில் அழிந்துவிடும். அதற்குப் பதில் மெருகிடாத பீங்கான் ஓட்டில் தேய்த்துப் பாருங்கள்: கருங்கோடு விழுந்தால் மேக்னடைட், செங்கோடு என்றால் ஹெமடைட் என்று சந்தேகிக்கலாம்; இரண்டும் பூமியில் கிடைக்கும் இரும்புத் தாதுக்கள். புதிதாக விழுந்த விண்கல் பெரும்பாலும் கோடே போடாது. துருவேறியது பழுப்பாகக் கீறும் என்பதால் இதை மட்டும் நம்பிவிடாதீர்கள். உடைந்த ஓரத்தில் ஒரு மில்லிமீட்டர் அளவுக்குக் கரிய உருகல் தோலும், உள்ளே மின்னும் உலோகப் புள்ளிகளும் தெரிகிறதா பாருங்கள். எடுக்கும் முன் அளவுகோல் வைத்துப் படம், ஜிபிஎஸ் குறிப்பு. வெறுங்கை வேண்டாம், கழுவவே வேண்டாம். வகைப்படுத்தி அதிகாரபூர்வப் பெயர் பெற 20 கிராம் அல்லது எடையில் 20 சதவீதம், எது குறைவோ அதை அங்கீகரிக்கப்பட்ட சேகரிப்பில் ஒப்படைக்க வேண்டும்.