வட ஆப்பிரிக்கத் துறைமுகம் அல்ஜியர்ஸ் கைக்கு அட்லாண்டிக் கப்பல் எப்படிப் போச்சு?

1600 வரைக்கும் மத்தியதரைக் கடல்ல சண்டைக் கப்பல்னா பெரும்பாலும் துடுப்புக் கப்பல்தான். சுமார் 40 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம், நூத்தம்பது பேர் கிட்ட உக்காந்து துடுப்பு வலிப்பாங்க, அதுல நிறைய பேர் அடிமைங்க. காத்தே இல்லாட்டியும் ஓடும், அது பெரிய ப்ளஸ். ஆனா அந்த வெயில்ல துடுப்பு வலிக்கிறவனுக்கு எவ்ளோ தண்ணி வேணும், ஒல்லியான கப்பல்ல பீப்பாய் அடுக்க இடமும் கிடையாது, அதனால ரெண்டு வாரம் தாண்டறதுக்குள்ள எங்கயாவது கரை ஒதுங்கியே ஆகணும். பக்கவாட்டுல பூரா துடுப்பு, பெரிய பீரங்கிய மூக்குலதான் வைக்க முடியும். உயரமும் கம்மி, பெரிய அலை வந்தா அவ்ளோதான்.

அட்லாண்டிக்ல ஓடின டச்சு, இங்கிலீஷ் பாய்மரக் கப்பல் வேற டிசைன். குண்டு வயிறு, அடியில பாரம், ரெண்டு பக்கமும் பீரங்கி, ஆள் கம்மி. காத்துதான் இன்ஜின், காத்து குடிக்கத் தண்ணி கேக்காது!

1604ல இங்கிலாந்தும் ஸ்பெயினும் சமாதானம் ஆயிட்டாங்க. அதுவரைக்கும் லைசென்ஸோட ஸ்பெயின் கப்பலக் கொள்ளையடிச்ச மாலுமிங்களுக்குப் பொழப்பு போச்சு. அதுல ஒருத்தர், இங்கிலீஷ்காரர் ஜான் வார்டு, துனிஸ் போயி அங்க ஆண்ட உஸ்மான் தேய் (தேய்ங்கறது ஆள்றவரோட பட்டம்) கூட டீல் போட்டாரு, டச்சுக்காரர் சைமன் டான்ஸ்கர் அல்ஜியர்ஸ் போனாரு. வட ஆப்பிரிக்காவுல இருக்கற இந்த ரெண்டு ஊரும் அப்போ ஒட்டோமான் (துருக்கி) சுல்தானுக்குக் கீழ. டான்ஸ்கர்தான் அல்ஜியர்ஸ்காரங்களுக்கு இந்தக் கப்பல ஓட்டக் கத்துக்கொடுத்தார்னு பழைய பதிவு சொல்லுது, எனக்கென்னமோ ஒத்தை ஆளால நடந்த வேலையா தெரியல. பாயோட கோணத்த மாத்தி எதிர்காத்துல வளைஞ்சு வளைஞ்சு முன்னேறறது, பீரங்கி எடைய எங்க வைக்கறதுங்கறதெல்லாம் கூட நின்னு செஞ்சாதான் வரும், அதுக்குப் பல மாலுமி, தச்சன், பீரங்கிக்காரன் வேணும்.

எடை விஷயத்துல வார்டே சொதப்பினாரு. 1607ல வெனிஸோட பிரம்மாண்டமான கப்பல் ரெனியேரா எ சொதெரினாவப் பிடிச்சு, பக்கப் பலகைய அறுத்து ஏகப்பட்ட பீரங்கி ஏத்தினாங்க. ஓட்டை போட்டா பலகை பலம் போகும், மேல எடை ஏறினா கப்பல் ஆடும். அடுத்த வருஷமே கிரீட் தீவு பக்கம் பல நூறு பேரோட மூழ்கிருச்சு, அதுல வார்டு இல்ல.

டான்ஸ்கர் 1609ல பிரான்ஸ் பக்கம் தாவிட்டாரு, ஆனா வித்தை அல்ஜியர்ஸ்லயே தங்கிருச்சு. 1627ல வட ஆப்பிரிக்கக் கப்பலுங்க ஐஸ்லாந்து வரைக்கும் போயி ஆளுங்களப் பிடிச்சுட்டு வந்துச்சு, துடுப்புக் கப்பல்ல நெனச்சே பாக்க முடியாத தூரம். அந்த நூற்றாண்டு கடைசியில டச்சுக்காரங்களே பாய்மரமும் வெடிமருந்தும் கொடுத்து அல்ஜியர்ஸோட ஒப்பந்தம் போட்டாங்க, எங்க கப்பல மட்டும் விட்ருங்கன்னு.